பாப்பாவுக்கு, கிளிவ்டன் போய் வந்த பிறகு

அன்புள்ள பாப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சித்தப்பா ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அந்தத் தலைவலி தீர்ந்தது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறாய், போன் எடுப்பதில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன். முழுதும் படி.

பெரிய அத்தை வந்திருந்தாள். என் பெண் தன் சம்பாத்தியத்தில் எங்களை அரண்மனையில் தங்கவைத்தாள் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் அவ்வளவு பணம் எதற்கம்மா? கிளம்பும் முன் உன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஹாலில் பாய் விரித்துக் கொடுத்தாலும் போதும். நீ நேராக அந்தக் கிளிவ்டன் ஹோட்டலில் கொண்டுபோய் இறக்கினாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய். சரி.

இடம் பிரமாதம், அதில் குறையே இல்லை. மொட்டைமாடி மாதிரி நீண்ட அந்தத் தளத்தில் நின்றால் கீழே கத்தரித்த புதர்ப் பாத்திகள், அதற்கும் அப்பால் தேம்ஸ். 1795இல் ஒரு தடவை, 1849இல் மறுபடியும் எரிந்த வீடாம். இப்போது நிற்பது சார்லஸ் பேரி கட்டியது, லண்டன் பார்லிமென்ட் கட்டடத்தை வடிவமைத்த அதே ஆள். 1942இல் அதன் சொந்தக்காரர்களான ஆஸ்டர் குடும்பம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டது, ஹோட்டலானதெல்லாம் எண்பதுகளில்தான். எல்லாரும் நீச்சல் குளத்துக் கதையைத்தான் பேசுகிறார்கள், 1961, புரொஃப்யூமோ என்ற மந்திரியின் காதல் விவகாரம். எனக்கு அதில் ஆர்வமில்லை.

பெரிய ஹாலில், அந்தக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோமே, அங்கே வெள்ளை உடையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பிப் பார்க்கிற பெண்ணின் படம் இருந்தது, கவனித்தாயா? சார்ஜென்ட் வரைந்தது. நான்சி ஆஸ்டர். வந்ததும் அவளைப் பற்றித் தேடிப் படித்தேன். வர்ஜீனியாவில் பிறந்தவள். 18 வயதில் கல்யாணம், புருஷன் குடிகாரன், 1903இல் விவாகரத்து, கையில் ஒரு பையன். அந்தக் காலத்தில் ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்! இங்கிலாந்துக்குப் போய் இரு என்று சொன்னது அவள் அப்பாதான். தயங்கியவளைத் தங்கையோடு சேர்த்து அனுப்பிவைத்தார். 1906இல் வால்டார்ஃப் ஆஸ்டரைக் கட்டினாள், மாமனார் கல்யாணப் பரிசாக அந்த வீட்டையே கொடுத்தார். 1919இல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் போய் உட்கார்ந்த முதல் பெண் அவள். 1945 வரை இருந்தாள். அந்த அப்பாவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

நீ அன்றைக்கு ஸ்கோனை உடைத்து உடைத்துத் தட்டிலேயே வைத்திருந்தாய், ஜாமைத் தொடவேயில்லை. அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் பெயரில் தனிக் கணக்கு இருக்கிறதல்லவா? அதில் எப்போதும் கொஞ்சம் பணம் இருக்கட்டும். ராத்திரி கண் விழிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, அம்மா இதையே திரும்ப எழுதச் சொல்கிறாள்.

அப்புறம், டிசம்பருக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு, பிறகு விலை ஏறிவிடும். இரண்டு டிக்கெட் போட்டாலும் சரி, ஒன்று போட்டாலும் சரி, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா