அன்று வேலியோரம் உன்னைத் திட்டியது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

கட்டாரில் உன் பண்ணைக்குப் புது மாடுகள் வருகின்றன, உன்னைத் தனிமைப்படுத்தல் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். "ஒரு மாசம் அடைச்சு வச்சுப் புல்லுப் போடுற வேலைதானே" என்று சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி. பக்கத்து லயத்துப் பிள்ளை படம் பிடித்து அனுப்பும்.

2012, 13-இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சினைக் கிடாரிகளைக் கப்பலில் ஏற்றி வந்து நம் மலைநாட்டு அரச பண்ணைகளில் இறக்கினார்களே, டயகம, போபத்தலாவை, மெனிக்பாலம என்று. ஜேர்சியும் பிரீசியனும் சேர்ந்த கலப்பு. நீ அப்போது ஆறாம் ஆண்டு. நானும் ஒரு கொட்டகையில் நின்றேன்.

லொறி வந்தது ராத்திரியில். பின்கதவைத் திறந்ததும் மூத்திர வாடை கண்ணைக் கரித்தது. இறங்கிய மாடுகள் நடக்கவில்லை. நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, தரை இன்னும் ஆடுகிற மாதிரி நின்றன. வயிற்று மயிரில் சாணி காய்ந்து ஓடு ஓடாகத் தொங்கியது. ஒன்று போய் ஈரச் சுவரை நக்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. பசியோடு வந்திருக்கின்றன என்று ஒரு மூட்டை தீவனத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். மிருக வைத்தியர் ஓடி வந்து வாரச் சொல்வதற்குள் கறுப்புக் கிடாரி ஒன்று முகம் மறைய உள்ளே விட்டுத் தின்றுவிட்டது. மூன்றாம் நாள் அது படுத்துக்கொண்டது. சாணி கஞ்சியாக, புளித்த மணத்தோடு போனது. பிழைக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. பட்டினி கிடந்த வயிற்றில் தானியம் விழுந்தால் அது புளித்து மாட்டையே சாய்த்துவிடும் என்று நான் படித்தது அப்படித்தான். முதலில் தண்ணீர், அப்புறம் காய்ந்த புல், அப்புறம் ஓய்வு. தீவனத்தை நாலைந்து நாள் கழித்துப் பிடி பிடியாகக் கூட்டு. இரக்கப்பட்டு அள்ளிப் போடாதே, நான் போட்டேன்.

இப்போது அந்த வேலி விஷயம். நீ இன்னும் மறக்கவில்லை என்று தெரியும். எனக்குச் சோற்றுப் பாத்திரம் கொண்டு வந்தாய். வந்தவன், கம்பிக்குள்ளே கையை நீட்டி வெள்ளைக்கார மாட்டுக்கு ஒரு பிடி புல்லைக் கொடுக்கப் போனாய். நான் கத்திய கத்தில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாய். சோறு முழுக்கச் சேற்றில்.

அந்தப் புல் நம் லெச்சுமி மேயும் ஓடைக்கரைப் புல், தம்பி. உண்ணிக் குஞ்சு புல் நுனியில்தான் மாட்டுக்காகக் காத்துக் கிடக்கும். லெச்சுமி பிறந்ததிலிருந்து அந்தக் கடியிலேயே வளர்ந்தவள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த மாடுகள் வளர்ந்த அவுஸ்திரேலியாவின் தெற்குப் பக்கத்தில் அந்த உண்ணியே கிடையாது. கடித்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, மூத்திரம் கோப்பித் தண்ணீர் மாதிரிப் போய்விடும். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்வாய் நோயும் அப்படித்தான். 1872-க்குப் பிறகு அவர்கள் நாட்டில் அது வந்ததே இல்லையாம். நமக்கோ அது வீட்டுக்கு வந்து போகிற சொந்தக்காரன் மாதிரி. வெளியூர் மாடு நம் மாட்டுக்கு நோய் கொண்டு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த மாதம் முழுக்க நான் அவற்றை நம்மிடமிருந்துதான் காவல் காத்தேன்.

அதனால்தான் வீட்டுக்கே வரவில்லை. லெச்சுமி கன்று போட்ட ராத்திரி அவள் கத்தியது கொட்டகைவரை கேட்டது. அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்துதான் கன்றை இழுத்தார்கள். நான் பார்த்தபோது அதற்குப் பதினாறு நாள். மேற்பார்வைக்காரர் ஒருவர் மட்டும் பூட்ஸைக் கழுவாமலே வந்து போவார். கேட்டால் முறைப்பார். சலவைச் சோடாவைப் பத்து லிட்டருக்கு 400 கிராம் கரைத்து வாசலில் வைத்திருந்தோம். சேறானால் மாற்றவேண்டும், கலங்கிய தண்ணீரில் காலை நனைப்பது வெறும் சடங்கு.

உன் ஊர்க் கதை வேறு. 2017-இல் கட்டாருக்குத் தடை போட்டபோது ஜெர்மனியிலிருந்து மாடுகளை விமானத்திலேயே கொண்டு வந்தார்களாமே, டிவியில் பார்த்து அம்மா சிரித்தாள், மாட்டுக்கு வந்த வாழ்வைப் பார் என்று. கடலில் நாட்கணக்கில் ஆடவேண்டியதில்லை, சரி. ஆனால் குளிர் நாட்டிலிருந்து நேரே அந்த நெருப்பில் இறங்கவேண்டும். நிழலில் நிற்கும்போது விலா எழுந்து தாழ்வதை எண்ணு. நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் விசிறியும் தண்ணீரும் போதவில்லை என்று அர்த்தம். காய்ச்சலை விடியற்காலையில் பார், வெயில் ஏறியபின் பார்த்தால் எல்லாமே காய்ச்சலாகத் தெரியும். 38.5 சரியான சூடு. 39.5-ஐத் தாண்டி, மூக்கில் சளியும் வடிந்தால் வைத்தியரிடம் உடனே சொல். தர்மாமீட்டரில் நூல் கட்டி, கிளிப்பை வாலில் மாட்டிவிடு. நூல் கட்டாமல் ஒன்றைத் தொலைத்தேன், எங்கே போனது என்று உனக்கே தெரியும்.

நோய் மாட்டைக் கடைசியாகக் கவனி, அந்த வாளியை வேறெங்கும் கொண்டுபோகாதே. சினை கலைந்து கன்று விழுந்துவிட்டால் வெறுங்கையால் தொடாதே, அப்படிக் கலைக்கிற நோய் மனிதருக்கும் வரலாம். கையுறை தரவில்லை என்றால் கேள், வெட்கப்படாதே.

இன்னொன்று. மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்தபின் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார். மாடுகள் படுத்து அசை போடும் சத்தம் கேட்கவேண்டும். ஒரு உருண்டைக்கு ஐம்பது அறுபது மெல்லு மெல்லும். அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பேன்.

அப்பா