காமாலை வைரஸுக்கு நம் செல் தரும் போர்வை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் அறிவியல் பக்கத்தில் வந்த வைரஸ் கட்டுரையை வீட்டில் சத்தமாக வாசித்தோம். வைரஸ் செல்லுக்குள் பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்பதோடு முடித்திருந்தீர்கள். எல்லா வைரஸும் அப்படி வருவதில்லை. எங்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் பலரும் பட்டு அறிந்த மஞ்சள் காமாலையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் செல்கள் ஓயாமல் நுண்பைகளை வெளியே விடுகின்றன. மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு, அவ்வளவுதான் இருக்கும். ஒரு செல் இன்னொன்றுக்கு அனுப்பும் புரதமும், மரபுச் செய்தியை ஏந்தும் ஆர்.என்.ஏ.வும் அதில் போகும். எக்ஸோசோம் என்பது இந்த வகைதான். காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு மேலுறையே, அதாவது மேலே சுற்றிய சவ்வே, கிடையாது என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. 2013இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி லெமன் குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். ரத்தத்தில் ஓடும்போது இந்த வைரஸ், செல்லின் சவ்வையே சுற்றிக்கொண்டு அந்த நுண்பைகளைப் போலத் திரிகிறது. கிருமியைப் பிடிக்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வந்து பிடிக்க வைரஸின் புரதம் வெளியே தெரியாது. அப்புறம் குடலுக்குப் போகும் வழியில் பித்தநீர் அந்தப் போர்வையைக் கரைத்துவிடுகிறது. மலத்தோடு வெளியேறுவது போர்வையில்லாத வைரஸ். அதை லேசாக எண்ணக் கூடாது. அமிலத்துக்கும் அசையாது, தண்ணீரில் மாதக்கணக்கில் தாங்கும்.

என் மகனுக்குக் கண் மஞ்சளான பிறகுதான் கீழாநெல்லி அரைத்தோம், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொற்றி ஏறக்குறைய நான்கு வாரம் கழித்தே கண் மஞ்சளாகும். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் மலத்தில் வைரஸ் மிகுதியாகப் போகும். அந்த நாட்களில் அவன் தெருவில் ஓடி விளையாடிவிட்டு வந்து, கையோடு செம்பைக் குடத்துக்குள் விட்டு மோந்து குடித்துக்கொண்டிருந்தான். அதே குடத்தில் குடித்த என் தங்கை மகளும் படுத்துவிட்டாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து, தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டு வரும் தண்ணீர் அது. கலங்கல் இருக்காது, வாடை இருக்காது, இனிக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் அப்படிப்பட்ட நீரைக் காய்ச்ச யாருக்கும் தோன்றாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே இந்த வைரஸ் செத்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், இந்தப் போர்வைக் கதையைப் படம் போட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட ஒரு பிரதி நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்