அவெய்ரோவுக்கு மூன்று மணி நேரம் போதாது

தமிழ்ப் பயணக் குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் போர்ச்சுகல் பயணத் திட்டங்களில் போர்த்தோவுக்கும் கோயிம்பிராவுக்கும் நடுவே அவெய்ரோ என்றொரு வரி வரும். ‘போர்ச்சுகலின் வெனிஸ், படகுச் சவாரி, மூன்று மணி நேரம்.’ அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் அப்படியொரு குழுவில் நானும் இருந்தேன். கொஸ்தா நோவா கடற்கரையில் கோடு போட்ட மரவீடுகளின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பஸ் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்தவர். ஜன்னலுக்கு வெளியே பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். “தம்பி, உப்பு வாருகிறார்கள். பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். படகுக்கு நேரம் குறித்தாகிவிட்டதாம். பெரியவர் உட்கார்ந்தார். பாத்திகள் மறையும்வரை கழுத்தைத் திருப்பியபடியே வந்தார்.

எனக்கு அது ஆறவே இல்லை. அடுத்த கோடையில் தனியாகத் திரும்பிப் போய் இரண்டு இரவு தங்கினேன். நாங்கள் எதைப் பார்க்காமல் வந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவதே உப்போடுதான். 959-ஆம் ஆண்டில் முமதோனா தியஸ் என்ற சீமாட்டி எழுதிய கொடைப் பத்திரத்தில், அங்குள்ள தம் நிலங்களையும் உப்பளங்களையும் குறிப்பிடுகிறார். ஊரை ஒட்டியிருப்பது, கடலோரம் மணல்திட்டு வளர்ந்து வளர்ந்து உண்டான காயல். அந்தக் காயலின் வாயை 1575-இல் ஒரு பெரும்புயல் மணலால் அடைத்துவிட்டது. கப்பல் வர வழியில்லை. தேங்கிய நீரால் காய்ச்சல் பரவியது. மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் மூச்சுத்திணறிக் கிடந்தது. 1808 ஏப்ரல் 3 அன்றுதான், உதினோ, கோமிஷ் த கர்வால்யு என்ற இரு பொறியாளர்களின் முயற்சியால், கடலுக்குப் புதிய வாய் திறந்தது. அந்த வேலைக்கு ஊரின் பழைய மதில் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கடல் மறுபடி உள்ளே வரட்டும் என்று தன் மதிலையே கொடுத்த ஊரை, இன்னோர் ஊரின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படகுகளும் அப்படித்தான். மொலிசெய்ரோ என்ற அந்தப் படகு சவாரிக்காகப் பிறந்ததில்லை. காயலில் வளரும் மொலிசோ என்ற நீர்ப்பாசியை நீண்ட வாரிகளால் வாரி, கரையோர மணல் நிலங்களுக்கு எருவாகக் கொண்டு சேர்த்த படகு. ரசாயன உரம் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. இன்று பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டியிருப்பதால் நகரக் கால்வாய்களில் ஓடும் படகுகளில் பாய்மரம் இல்லை. ஆனால் முகப்பிலும் பின்புறத்திலும் தீட்டும் ஓவியங்கள் இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, நீலம். புனிதர் ஒருவர், காதலர் இருவர், கீழே வளைந்த எழுத்தில் ஒரு குறும்பு வரி. ஒன்றை நின்று பார்த்தால் அடுத்ததைத் தேடிப் போகத் தோன்றும். எங்கள் குழுவில் யாருக்கும் நிற்க நேரம் இருக்கவில்லை.

உப்பளத்துக்கு வருகிறேன். ஊரின் விளிம்பிலேயே, நடந்து போகும் தூரத்தில், த்ரோன்கல்யாடா என்ற உப்பளத்தை அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள். வரப்பில் நின்றே பார்க்கலாம். கடல் ஏற்றத்தின்போது மதகு வழியே நீர் உள்ளே வருகிறது. பாத்தி மாறி மாறி வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கிறது. நான் போன மாலையில் ஒருவர் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். களிமண் தரை கலங்கிவிடாமல், பலகையைப் பட்டும் படாமலும் இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் சரசரவென்று சத்தம். தூரத்தில் பூநாரைகள். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த உப்பளங்களில் இன்று உப்பு விளைபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் அவசரப்பட்டு எழுதுகிறேன்.

அந்த உப்பு படகேறி வந்து இறங்கிய இடம்தான் சாவ் ரோக் கால்வாய். அதன் கரையில் பழைய உப்புக் கிடங்குகள் இன்னும் நிற்கின்றன. உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கால்வாய் எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஜூலை முதல் செப்டம்பருக்குள் போகும் குழுக்களுக்கு அவெய்ரோவில் ஓர் இரவு கொடுங்கள். வெயில் தாழ்ந்ததும் உப்பளம், மறுநாள் காலையில் படகு. நேரமிருந்தால் இளவரசி ஜோவானா வாழ்ந்து 1490-இல் மறைந்த கன்னிமடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணப் பளிங்கு இழைத்த அவருடைய கல்லறை அங்கே இருக்கிறது. ஓவோஷ் மோலெஷ் என்ற இனிப்பு, முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்ந்தது என்பதை, சைவ உணவுக்காரர்கள் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் தவறவிட வேண்டாம். சிப்பி வடிவில் இருக்கும் அதன் மேல்தோல், நம் கத்தோலிக்கர்கள் ஓஸ்தி என்று சொல்கிறார்களே, அதே மெல்லிய அப்பம்தான். அங்கும் ஏறக்குறைய அதே பெயர்தான்.

திரும்பும்போது பெரியவருக்காக ஒரு சிறு பை உப்பு வாங்கி வந்தேன். அவர் உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்து, நாக்கில் வைத்தார். பாத்தியின் தரை களிமண்ணா மணலா, நாளுக்கு எத்தனை முறை வாருகிறார்கள், கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அவரே அந்த வரப்பில் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் வந்த பயணி ஒருவர்