மாமாவும் பாப்பாவும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோடாபுட்டிக்கு இரண்டாவதும் பையன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு வருஷம் முன்பு நீ மயக்க மருந்து கொடுத்தாயே, மலைக் கிராமத்துப் பெண் குழந்தை, ஞாபகம் இருக்கிறதா? அகலமான அண்ணப்பிளவு, மேல்வாயே நடுவில் பிளந்து கிடந்தது. ஜெர்மன் சர்ஜன் லாங்கன்பெக் 1861இல் சொன்ன முறைப்படி இருபக்கமும் பல்வரிசையை ஒட்டிக் கீறி, சதையைத் தளர்த்தி, நடுவில் இழுத்துத் தைத்தேன். ஒன்பதாம் நாள் அவள் அம்மா போன் செய்தாள்: "டாக்டர், பால் மூக்கு வழியா வருது." முன்பக்கத்துக் கடின அண்ணமும் பின்பக்கத்து மெல்லண்ணமும் சேரும் இடத்தில் மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை. தையலில் இழுவை விழும் இடமே அதுதான்.

அப்புறம் அவர்கள் வரவே இல்லை. இந்த வருஷம்தான் வந்தார்கள், கூடவே தாய்மாமனும். "வாய் ஓயாம என்னையத்தான் கூப்பிடுது சார்" என்று அவருக்கு ஒரே பெருமை. குழந்தை கையிலிருந்த பொம்மையைக் காட்டி மறுபடி "மாமா" என்றது. எனக்குச் சட்டென்று புரிந்தது. அவள் சொன்னது பாப்பா. காற்று மூக்கில் போய்விடுவதால் 'ப' எல்லாம் 'ம' ஆகிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஓட்டையை விட என்னை உறுத்தியது தசை. பிளவில், மெல்லண்ணத்தைத் தூக்கும் தசை குறுக்கே ஓடாமல் முன்னால் போய் எலும்பு விளிம்பில் ஒட்டியிருக்கும். அதை முழுசாகப் பிரித்துப் பின்னால் திருப்பித் தைத்தால்தான் அண்ணம் எழும்பி மூக்கை அடைக்கும். அன்றைக்கு ரத்தம் கசிகிறது, நேரமாகிறது என்று பாதியில் விட்டவன் நான்.

மூன்று மாதம் முன்பு ஃபர்லோ முறையில் திருத்தினேன். ஹாஸ்டலில் பேப்பரை வெட்டி வெட்டிப் பார்த்தோமே, அதேதான்: வாய்ப்பக்கம் இசட் வடிவில் ஒரு கீறல், மூக்குப்பக்கம் எதிர்த்திசையில் இன்னொன்று. கீறிய சதை மடல்கள் இடம் மாறும்போது தசையும் கூடவே பின்னால் வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், அண்ணமும் நீளும். ஓட்டையையும் அப்போதே மூடினேன்.

நேற்று வந்தாள். சின்னக் கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்து 'பாப்பா' சொல்லச் சொன்னேன். முன்பெல்லாம் உடனே ஆவி படரும். நேற்று கண்ணாடி அப்படியே இருந்தது, மாப்பிள்ளை! மாமன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2023இல் வந்த ஆய்வைப் பார்த்தாயா? ஆறு மாத வயதில் ஆபரேஷன் செய்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்குத்தான் ஐந்து வயதில் அண்ணம் சரியாக அடைக்கவில்லை. பன்னிரண்டு மாதத்தில் செய்தவர்களில் 15 சதவீதம். ஆனால் இங்கே ஆறு மாதத்தில் நாலு கிலோவோடு வரும் குழந்தையை உன்னிடம் கொடுத்தால் நீயே திருப்பி அனுப்புவாய்.

இன்னொரு கவலை. 'க' வரவேண்டிய இடத்தில் இன்னமும் தொண்டையை அடைத்து ஒரு சத்தம் போடுகிறாள். இத்தனை வருஷப் பழக்கம், அதைக் கத்தியால் மாற்ற முடியாது. வாராவாரம் பேச்சுப் பயிற்சி வேண்டும். அவர்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கூலி வேலையை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? உன் அண்ணி வீடியோ காலில் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னாயே, இவளையும் எடுத்துக்கொள்வார்களா? மாமனிடம் நல்ல போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டுச் சொல்.

உன்
மதுரைக்காரன்