மகால் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வழிகாட்டி அண்ணன்மாருக்கு, வணக்கம்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு வருகிறவர்களை அண்ணாந்து பார்க்க வைக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1636-இல் கட்டியது, சுதை வேலை, சொர்க்க விலாச மண்டபம் எல்லாவற்றையும் மணிமணியாகச் சொல்கிறீர்கள். ஆனால் நான் கேட்டவரை, மன்னர் காலம் முடிந்ததும் கதை நேராக இன்றைக்கு வந்துவிடுகிறது. நடுவில் இங்கே சிப்பாய்கள் குடியிருந்த காலத்தையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். மிச்சம் நின்றது, 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் படை தங்கும் இடமாகவும் கிடங்காகவும் ஆனது. அப்போது மதுரை கோட்டைக்குள் இருந்த ஊர். கோட்டை யார் கையிலோ, சுற்றியுள்ள சீமையும் அவர்கள் கையில். ஆங்கிலேயர்களின் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக இருந்த யூசுப் கான், அதாவது நம்முடைய மருதநாயகம், 1763-இல் கம்பெனியையே எதிர்த்து இந்தக் கோட்டைக்குள் நின்றார். முதல் முற்றுகை பலிக்கவில்லை. மறு வருஷம் கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அந்த வழியையும் காட்டுங்கள்.

கோட்டைச் சுவர் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் போய்விட்டது. அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகள். அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். பட்டாளம் இருந்த ஊர் என்பதற்கு மேல வெளி வீதியில் ஒரு கொத்தளம் மிஞ்சியிருக்கிறது, அப்புறம் இந்த மகால். இதையும் ஆளுநர் நேப்பியர் 1866 முதல் 1872 வரை பழுதுபார்க்க வைத்ததால்தான் நாம் பார்க்கிறோம். பிறகு 1970 வரை கோர்ட் நடந்ததைச் சொன்னாலே பலரும் ஆச்சரியப்படுவார்கள்.

அரண்மனை காலத்தால் அழிந்தது என்று பொதுவாகச் சொல்லி முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதர்கள் பிரித்தார்கள், படைகள் புழங்கின, கவனிக்க ஆளில்லாமல் சிதைந்தது. பத்துத்தூண் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே, மேலே தாங்க எதுவும் இல்லாமல் நிற்கும் அரண்மனையின் அந்தக் கல்தூண்களைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் இது புரியும்.

பள்ளிப் பிள்ளைகள் வரும் நாட்களில், முற்றத்தில் நிறுத்தி இதை ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். நேரமிருந்தால் பத்துத்தூண் வரை கூட்டிப்போங்கள், நடக்கும் தூரம்தான்.

அன்புடன்,
ஒரு மதுரைக்காரன்