எண்ணெய்க்கை கோலிக்கு

செங்கோட்டை
2025, ஆனிக் கடைசி

அன்புள்ள கோலிக்கு,

நலம். அங்கே மதினியும் பிள்ளைகளும் சுகந்தானே? 'கோலி' என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இன்றைக்கு இந்தப் பெயரைத் தெருவில் சத்தமாகச் சொன்னால் நாலு பயல்கள் திரும்பிப் பார்த்து டெல்லிக்கார விராட் கோலியைத் தேடுவான்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒரே ஆள்தான். கிழிந்த பனியனும் முழங்காலில் பிளாஸ்திரியுமாகக் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிற நீ.

கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. உடனே எழுத உட்கார்ந்தேன், சாரல் விடவில்லை. இந்த வருஷம் மே 24-லேயே கேரளாவில் மழை இறங்கிவிட்டதே, அதிலிருந்து இங்கே கொடியில் காயப்போட்ட வேட்டி காய்ந்தபாடில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகாத்து புகுந்து வருகிற வரத்தில் வாசல் கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. குற்றாலத்தில் கூட்டம். பார்டர் கடைகளில் புரோட்டாக் கல் ஆறுவதே இல்லை. உனக்கு நாக்கில் எச்சில் ஊறட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி உன் புலம்பலுக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து சின்னவனைக் கூட்டிக்கொண்டு மே 17-ஆம் தேதி பெங்களூர்–கொல்கத்தா ஐ.பி.எல். ஆட்டம் பார்க்க பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்குப் போனாய். டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்ற உன் பெயர்க்காரருக்காக ஜனங்கள் வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாஸ்கூடப் போடவில்லை. நனைந்த சட்டையோடு ராத்திரி பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தாய். கொல்கத்தா அணி ஒரு பந்தும் போடாமலேயே பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. அந்த மைதானத்தில் தரைக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரை உறிஞ்சுகிற ஏற்பாடு உண்டு. அது விழுந்த தண்ணியைத்தானே உறிஞ்சும், விழுந்துகொண்டே இருக்கிற மழையை என்ன செய்யும்? இதுவரைக்கும் உன்னோடு நானும் அழுகிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், 'மழை வந்தால் எந்த விளையாட்டும் நாசம்தான், இதில் பேச்சே இல்லை' என்று. அதை அப்படியே விட்டுவிட முடியாது.

உன்னிடமே கேட்கிறேன். 1998 ஏப்ரல் 22, ஷார்ஜா, ஆஸ்திரேலியாவோடு கிரிக்கெட். அன்றைக்கு அடித்தது மணல் புயல். ஆட்டக்காரர்கள் தரையில் குப்புறப் படுத்தார்கள். ஆட்டம் நின்றது, நாலு ஓவர் போயிற்று. 285 என்ற இலக்கு 46 ஓவரில் 276 ஆனது. 237 எடுத்தால் இறுதிப் போட்டிக்குப் போகலாம் என்றார்கள். டெண்டுல்கர் 143 அடித்தார், தோற்றும் உள்ளே போனோம். அந்த ஆட்டத்தை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்குச் சொல்லுவாய், அதுவும் புயலிலிருந்துதான் ஆரம்பிப்பாய். புயல் இல்லாமல் அதே 143 என்றால் உன் கதை பாதி நேரத்தில் முடிந்திருக்கும். மணல் இனிக்குமாம், மழை கசக்குமாம். என்ன நியாயம்?

எனக்கும் மழையில் ஒரு வரவு உண்டு. 2017 நவம்பர் 7, திருவனந்தபுரம் காரியவட்டத்தில் நியூசிலாந்தோடு டி20. அந்த மைதானத்தில் நடந்த முதல் சர்வதேசக் கிரிக்கெட் போட்டி அதுதான். பெரியவன் அங்கே படித்துக்கொண்டிருந்தான், டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அகலப்பாதை வேலை முடியாததால் ரயிலும் இல்லை. தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு என்று பஸ்ஸில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால் வானம் பிளந்துகொண்டு ஊற்றுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், 'நிங்ஙள் தமிழ்நாட்டீந்நு மழை கொண்டுவந்நோ' என்று கேட்டார். நான் என்ன சொல்ல? எங்களுக்கே மழையை அனுப்புவது நீங்கள்தான் ஐயா என்றேன். ஒன்பதரைக்கு மேல்தான் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு எட்டே ஓவர். இந்தியா 67, நியூசிலாந்து 61. ஆறு ரன் வித்தியாசம். இருபது ஓவர் ஆடியிருந்தால் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன். அன்று ஒருத்தனும் இருக்கையில் உட்காரவில்லை. பும்ரா ரெண்டு ஓவரில் ஒன்பது ரன் கொடுத்து ரெண்டு விக்கெட் எடுத்தார், ஆட்டநாயகனும் அவர்தான். சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி ஆட்டம்.

அதே மைதானத்துக்கு 2023 அக்டோபரில் உலகக் கோப்பைப் பயிற்சி ஆட்டத்துக்கும் போனேன், இந்தியாவும் நெதர்லாந்தும். ஒரு பந்து விழவில்லை. ஆகவே உன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த ரெண்டு நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்டம் நடக்காமல் போனதுதான் கெட்டது. நனைந்துகொண்டோ குறைந்துகொண்டோ நடந்த ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆட விட்டால் மழையும் ஆட்டத்தில் ஒரு சேர்மானம். வெயில், மேடு பள்ளம், எதிராளியின் இடது கால் எல்லாவற்றையும் போல அதையும் படித்துத்தான் ஆட வேண்டும்.

1974 கால்பந்து உலகக் கோப்பையை எடுத்துக்கொள். ஜூலை 3, பிராங்பர்ட். மேற்கு ஜெர்மனியும் போலந்தும். ஜெயித்தவர் இறுதிக்கு, டிரா என்றாலும் ஜெர்மனிக்குப் போதும். தீயணைப்புக்காரர்கள் வந்து தண்ணீரை இறைத்தும் பந்தை உருட்டிவிட்டால் குட்டையில் போய் நின்றது. போலந்தின் பலமே ஓரத்தில் பறக்கிற லாட்டோவும் கடோச்சாவும்தான். தண்ணீரில் எங்கே பறக்க? கடைசியில் ஜெர்மனியின் கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோல். போலந்துக்காரர்கள் இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது உன் வேலை பார்த்த ரெண்டு கோல்கீப்பர்கள். அங்கே ஜெர்மனியின் மையர் விழுந்து விழுந்து தடுத்தார், இங்கே போலந்தின் தொமாசெவ்ஸ்கி அந்தச் சகதியில் ஒரு பெனால்டியையே பிடித்தார். காய்ந்த தரையில் பிடித்திருந்தால் யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

கிரிக்கெட்டிலும் ஆடுகளத்தை மூடாமல் விட்ட காலத்தில் இந்தப் படிப்பு இருந்தது. 1937 புத்தாண்டு மெல்போர்ன் டெஸ்ட். மழையில் ஊறிய களத்தில் பந்து கன்னாபின்னாவென்று எழும்பியது. ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மன் 200-க்கு 9-லேயே டிக்ளேர் செய்து, ஆடியது போதும் என்று இங்கிலாந்தை அந்த ஈரக் களத்தில் இறக்கினார். இங்கிலாந்தும் 76-க்கு 9-ல் டிக்ளேர் செய்து அவரைத் திரும்ப உள்ளே இறக்கியது. அவர் கடைசி ஆட்களை முதலில் அனுப்பிவிட்டுக் களம் காயும்வரை உட்கார்ந்திருந்தார். ஏழாவதாக இறங்கி 270. ஆனியில் நாற்றங்காலைப் பார்த்து நடவைத் தள்ளிப்போடுகிற நம் சம்சாரி புத்திதான் அது.

இப்போது கிரிக்கெட்டில் மழை பெய்தால் ஆட்டக்காரன் உள்ளே போய்விடுகிறான், கணக்கப்பிள்ளை வெளியே வருகிறான். 1992 மார்ச் 22 ஞாபகம் இருக்கிறதா? பேங்க்காரர் வீட்டு டி.வி. முன்னால் இருபது பேர். உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தை ஜெயிக்கத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22. பத்துப் பன்னிரண்டு நிமிஷ மழைக்குப் பிறகு ஒரு பந்தில் 22 என்று பலகை காட்டியது, உண்மையில் 21. நீ வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாய். மழையின் மேல் கோபப்பட்டாய். ஆனால் அந்தக் கோளாறான விதியை எழுதியது மழை இல்லையே, மனுஷன்தானே. அதற்குப் பிறகு மழைக்குத் தக்கபடி இலக்கைத் திருத்துகிற டக்வொர்த்-லூயிஸ் கணக்கு வந்தது. அதையும் சரியாகப் படிக்காமல் 2003 உலகக் கோப்பையில், டர்பனில், தென்னாப்பிரிக்காவின் பவுச்சர் இலங்கையின் முரளிதரனை சிக்சர் அடித்துவிட்டு, ஜெயிக்க இது போதும் என்று அடுத்த பந்தைத் தட்டி வைத்தார். மழையில் ஆட்டம் அதோடு நின்றது. 229 என்பது சமன் கணக்காம். ஒரு ரன் ஓடியிருந்தால் போதும், சொந்த நாட்டிலேயே வெளியே போனார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் திருச்சூர்க்காரர் ஜெயதேவன், பீச்சியில் ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளராக இருந்தவர், தனியாக ஒரு கணக்கு முறையைக் கண்டுபிடித்தார். நம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மழைக் கணக்குக்கு மலையாளியை விடப் பொருத்தமானவர் யார்?

கிரிக்கெட்டை மழையில் ஆட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நனைந்த பந்து சோப்புக்கட்டி. வேகப் பந்துவீச்சாளன் காலூன்றுகிற இடம் வழுக்கினால் முழங்கால் போய்விடும். இடி மின்னல் என்றால் கால்பந்துக்காரனும் ஓடித்தான் ஆக வேண்டும். துலா மாசத்து, அதாவது ஐப்பசிச் சாயங்கால இடியைப் பார்த்தவர்கள் நாம், அதில் வீரம் பேச ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஏழு பேர் வைத்துக் கால்பந்து ஆடுகிற செவன்ஸ்காரர்களும் மழை விட்டு அறுப்பு முடிந்த பிறகுதான் காய்ந்த வயலில் பந்தயம் நடத்துகிறார்கள். 2018 வெள்ளத்தில் நேரு டிராபி வள்ளங்களி என்கிற படகுப் பந்தயத்தையே ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குத் தள்ளினார்கள். தண்ணீரில் நடக்கிற பந்தயத்தையே தண்ணீர் நிறுத்தியது. ஊர் மிதக்கும்போது துடுப்புப் போட யாருக்கு மனசு வரும்?

சரி. இவ்வளவும் எழுதியது நம்முடைய அந்த ஒரு ஆட்டத்துக்கு வருவதற்காகத்தான் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அதே 1992, ஆனி மாசம், புளியரை வயலை ஒட்டிய அந்த மைதானம். மலைக்கு மேலிருந்து வந்த பசங்களோடு. அவர்கள் வெறுங்கால், நாம் புதுசாக வாங்கிய கேன்வாஸ் ஷூ. ஈரத்தில் அவர்கள் பெருவிரலை ஊன்றித் திரும்பினார்கள், நாம் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி வழுக்கிக்கொண்டு போனோம். முதல் பாதி நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை. ரெண்டாம் பாதியில் மூன்று வாங்கினோம். கடைசி கோல் நடுக்கோட்டிலிருந்து ஒருத்தன் சும்மா தூக்கி அடித்தது. காற்று அதை ஏந்திக்கொண்டு வந்தது. உன் கண்ணில் சாரல். கைக்கு வந்த பந்து நழுவி, முதுகுப் பக்கம் விழுந்து, மெள்ள உள்ளே உருண்டது. அன்றைக்கு வைத்த பெயர்தான் 'எண்ணெய்க்கை'. உன் கல்யாணத்தில்கூட மேடையில் ஏறி ஒருத்தன் அதைச் சொன்னான். நீ அப்போதும் மழையைத்தான் குறை சொன்னாய்.

டாஸ் நான்தான் ஜெயித்தேன். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது.

டாஸ் போடுவதற்கு முன்னால், ரோட்டு வளைவில் கடை வைத்திருந்த சுக்குக்காப்பித் தாத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'மேகம் முகட்டை விட்டு எறங்கிட்டு பாத்தியா. இன்னும் அரை மணி நேரத்துல காத்து பேயா ஊதும். மொதப் பாதியில மேக்க பாத்து ஆடிருங்கடே. பெறகு காத்து ஒங்களுக்குத் தொணைக்கு வரும்' என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு சட்டென்று ரெண்டு கோல் அடித்துவிடலாம், பொழுது சாய்ந்தால் காற்று எப்படியும் அடங்கிவிடும் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். ஆனி மாசத்தில் நம்மூரில் என்றைக்குக் காற்று அடங்கியிருக்கிறது? மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஊதாத காற்றில் ஒரு கோல் அடித்தோம். ஊதின காற்றுக்கு எதிரே ரெண்டாம் பாதி முழுக்க உன்னை நிறுத்தினேன்.

அந்தப் பசங்களின் கேப்டன் டாஸில் தோற்றதும் சிரித்தான் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவனுக்கு மலையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

முப்பத்து மூன்று வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தேன். முதலில் வெட்கம். பிறகு எல்லோரும் உன்னைக் கேலி செய்வதில் நானும் சேர்ந்துகொண்டுவிட்டதால், சொல்வதற்கு வழி இல்லாமல் போயிற்று. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேரன் அதே வளைவில் கடை வைத்திருக்கிறான். நேற்று அங்கே ஒதுங்கி நின்றபோது முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் ஊதியது.

அந்த மைதானத்தில் இப்போது பாதி வீடுகள். மீதியில் வலை கட்டிப் பச்சை டர்ப் போட்டிருக்கிறார்கள். மணிக்கணக்குக்கு வாடகை. எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்பதில்லை, பையன்கள் பாட்டுக்கு ஆடுகிறார்கள். காற்றுக்கு மட்டும் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, மேலே அடித்தால் பந்து ரோட்டுக்குப் போய்விடுகிறது.

எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே, மறைக்கிறாயா? ஆடிக்கு வருவதாகச் சொன்னாய், ஒரு வாரம் முன்கூட்டியே சொல். சின்னவனையும் கூட்டி வா. பெங்களூரில் வீணாக நனைந்த பிள்ளை அருவியில் ஒழுங்காக நனைந்துவிட்டுப் போகட்டும்.

என்னைத் திட்டுவதாக இருந்தால் போன் பண்ணாதே, எழுது. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம், அவளும் கேட்டுவிடுவாள்.

உன்
கேப்டன்