ராஜ்புத்தின் பாய்லர் ரூமுக்கு வழிகாட்டியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

வணக்கம். அப்பாவின் முதல் வருஷத் திதியன்று, அவருடைய போர்க்கப்பலைப் பற்றிய அந்தச் சிறு தொகுப்பை அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டோம். மொத்தம் 64 பக்கம். அதில் என் எழுத்து என்று பார்த்தால் பாதிகூட இராது. மீதியெல்லாம் நீங்கள் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒருவர் பட்ட பாடு மற்றவருக்கும் தெரிய வேண்டும் என்று மனசு கேட்டது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொன்னீர்கள், யார் பெயரையும் போடவில்லை.

தொடங்கும்போது என் கையில் இருந்தது ஒரு கறுப்பு ரிப்பன். மாலுமியின் வெள்ளைத் தொப்பியைச் சுற்றிக் கட்டுவது. தங்க நிற எழுத்தில் ‘ஐ.என்.எஸ். ராஜ்புத்’ என்று நெய்திருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பவுடர் டப்பா ஒன்றுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கடைசி எழுத்தின் நூல் பிரிந்து தொங்குகிறது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அந்த டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் பாய்லர் ரூமில் அப்பா ஸ்டோக்கர், கொதிகலன் உலையைக் கவனிக்கிற மாலுமி. கேட்டால், “நான் கீழ கிடந்தேன்ளா, மேல என்ன நடந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

படம் அனுப்பிய தம்பி தங்கைகளுக்கு முதல் நன்றி. வந்த படங்களில் பெரும்பாலானவை இரண்டாவது ராஜ்புத். சோவியத் நாட்டில் கட்டி 1980-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2021 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது அது. அப்பாவின் கப்பல் அதற்கு முந்தியது. 1976-இலேயே அதன் காலம் முடிந்துவிட்டது. “அக்கா, புகைபோக்கியைப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா அது உங்க அப்பா கப்பல். பக்கவாட்டுல டி141-னு இருக்கும்” என்று சொல்லிக்கொடுத்த கல்லூரி மாணவனை மறக்க மாட்டேன். நாற்பது படத்தில் மூன்றுதான் தேறின. அந்த மூன்றும் தொகுப்பில் இருக்கின்றன.

லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு என் நன்றி. ராஜ்புத் பிறந்தது 1942-இல், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், ஜான் பிரவுன் தளத்தில் என்பதும், அப்போது அதன் பெயர் ரோதர்ஹாம் என்பதும் அவர் தேடிக் கொடுத்ததுதான். குயின் மேரி என்ற பெரிய பயணிகள் கப்பலைக் கட்டிய அதே தளம். இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் கீழைக் கடற்படையோடு இந்தியப் பெருங்கடலில் ஓடியிருக்கிறது. 1949-இல் இந்தியா வாங்கிப் பெயர் மாற்றியது. அப்பா அதில் ஏறியபோதே அது ஒரு போரை முடித்துவிட்டு வந்த கிழட்டுக் கப்பல்.

அப்பாவோடு அந்த பாய்லர் ரூமில் நின்ற தூத்துக்குடிப் பெரியப்பா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. எண்பது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, இரண்டு பஸ் மாறி வள்ளியூருக்கு வந்தீர்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கி, எங்கள் திண்ணைச் சிமெண்டுத் தரையில் பாய்லர் ரூமை வரைந்தீர்கள். உள்ளே போக இரண்டு கதவு, நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சின்ன அறை. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். பெரிய மின்விசிறி காற்றை உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய் உலையின் தீ வெளியே, ஆள் மேல் பாயும். “உங்கப்பன் அந்தக் கதவுப் பிடியைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்ததுல கை வைப்பான், ஒருநாள் தப்பினதில்லை” என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாகும்வரை எங்கள் வீட்டில் வாசல் கதவைத் தாழிட்டு, தொட்டுப் பார்த்து, பிறகுதான் அடுக்களைக் கதவுக்குப் போவார். வயசான காலத்துச் சந்தேகம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சாக்பீஸ் கோட்டை மழை அழிக்கும்வரை நாங்கள் பெருக்கவில்லை.

போரின் மேல்தளக் கதையை எனக்குப் பொறுமையாக விளக்கியவர், கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். மூன்று இரவுகள் போனில் பேசினார். பாகிஸ்தானிடம் அன்று வங்கக் கடல்வரை வந்து திரும்பக்கூடிய நீர்மூழ்கி காஸி ஒன்றுதான். 1971 நவம்பர் 14 அன்று அது கராச்சியிலிருந்து கிளம்பியது, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி. விக்ராந்துக்கோ பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அப்போது கிழக்குக் கடற்படைக் கட்டளைக்குத் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நம் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமானில் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்து போலவே வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்கு விசாகப்பட்டினத்தில் இறைச்சியும் காய்கறியும் சொல்லி வைத்தார்கள். மாலுமி ஒருவர் தன் தாயாரின் உடல்நிலை கேட்பதுபோல, மறைகுறி இல்லாத தந்தி ஒன்றும் போனது. எல்லாம் எதிரி காதில் விழட்டும் என்று.

இதை யோசித்துப் பாருங்கள். வயசான கப்பல், படையை விட்டு அனுப்பிவிடலாம் என்று இருந்த கப்பல். அது செய்த வேலை, தன்னை இரையாகக் காட்டிக்கொண்டு நிற்பது. நீர்மூழ்கி நம்பி வந்திருந்தால் முதல் டார்பீடோ இதற்குத்தான். கீழே பாய்லருக்கு முன்னால் நின்றவர்களுக்கு அதைப் பார்க்கக்கூட வழியில்லை. ராஜ்புத்தின் போர்ச்சேவை என்றால் பலரும் டிசம்பர் 3 நள்ளிரவை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அதற்கு முந்திய அந்த நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. தொகுப்பிலும் அதற்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்கினேன்.

அந்த இரவையும் சொல்லாமல் விடவில்லை. நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. டால்ஃபின்ஸ் நோஸ் குன்றின் ஓரமாகப் போகிற கால்வாயைத் தாண்டி, வழிகாட்டியாக வந்த பைலட்டை இறக்கிவிட்டதும் கப்பலின் தலைவர் இந்தர் சிங் வேகத்தைக் கூட்டச் சொன்னார். தண்ணீரில் ஏதோ கலங்குகிறது என்று கடலைக் கண்காணித்து நின்ற மாலுமி குரல் கொடுக்க, கப்பலைத் திருப்பி இரண்டு டெப்த் சார்ஜ், நீருக்கடியில் வெடிக்கிற குண்டு, போட்டார்கள். சில நிமிஷம் கழித்து ஒரு பெரும் வெடிச்சத்தம். “கப்பல் வயித்துல யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரி ரெண்டு தரம். அப்புறம் கேட்டது அடி இல்லை, கப்பலே குலுங்கிச்சு. உங்கப்பன் பர்னர்லேர்ந்து கண்ணை எடுக்கலை” என்றார் பெரியப்பா.

காஸி விசாகப்பட்டினத்து வாயிலிலேயே மூழ்கிப்போனது. ராஜ்புத் போட்ட குண்டால் என்று நம் கடற்படை சொன்னது. தான் போட்ட கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த விபத்தாலோ என்று பாகிஸ்தான் சொல்கிறது. இன்றுவரை வாதம் ஓயவில்லை. என் அப்பா ஒருநாளும் “நாங்கள்தான் மூழ்கடித்தோம்” என்று சொன்னதில்லை. அதை அப்படியே அச்சில் போட்டிருக்கிறேன். சிலருக்கு அதில் வருத்தம் உண்டு என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினத்தில், ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிய பெரியவருக்கு என் கைகூப்பு. 1971-இல் நம் படையில் ஓடிய நீர்மூழ்கி அது. கூட்டம் நகர்ந்த பிறகு என்னைத் தனியாக நிற்க விட்டார். ஒருவர் படுத்தால் அடுத்தவர் ஒதுங்க வேண்டிய அந்த இடுக்கில் நின்றபோது, காஸிக்குள் போன 90-க்கும் மேற்பட்டவர்களை நினைத்தேன். அவர்களுக்கும் ரிப்பனைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்த வீடுகள் இருக்கும். வெளியே வந்து பக்கத்திலிருக்கும் வெற்றிச் சின்னத்தின் முன் அப்பாவுக்காகக் கும்பிட்டேன், அவர்களுக்காகவும் கும்பிட்டேன்.

அங்கே எனக்கு இரண்டு நாள் சோறு போட்டு, துணைக்கு வந்து, தெலுங்கில் பேசித் தந்த அத்தைக்கு நன்றி. அந்த இரவு ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியதை, கையை ஜன்னலில் வைத்துக் காட்டினீர்களே அத்தை, அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்த பிள்ளைகள், பிழை திருத்திய தமிழாசிரியர், பாதிப் பணத்துக்கு அச்சடித்துக் கொடுத்த வள்ளியூர் அச்சகத்தார், உங்களுக்கும் நன்றி.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாக அம்மாவுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. நலம், நலமறிய ஆவல். பிறகு ஒரே ஒரு வரி: “இங்கே சூடு தாங்கவில்லை.” கார்த்திகைக் குளிரில் என்ன சூடு, மனுஷனுக்குக் காய்ச்சலோ என்று அம்மா அப்போது கவலைப்பட்டிருக்கிறாள். அப்பாவிடம் கேட்டதற்குச் சிரித்திருக்கிறார், அவ்வளவுதான். பெரியப்பா திண்ணையில் வரைந்து முடித்து எழுந்தபோது, அம்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கோட்டுக்குள், உலை என்று வட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். “இவ்வளவு கிட்டத்துலயா நிப்பாரு?” என்று கேட்டாள்.

பெரியப்பா, உங்களுக்கு எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். புத்தகத்தோடு தம்பி கையில் கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
ராஜ்புத் ஸ்டோக்கரின் மகள்